றெஜினா நின்ற படம்

கனடாவின் மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதியோரத்து பிளாசா ஒன்றில், இறைச்சிக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே ஒரு பல் வைத்தியசாலை இருக்கிறது. அதன் முன்மேசையில் இருப்பவள் றெஜினா. அறுபதைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. வேலையை விடும்படி மகன் கிளிபோட் சொல்லிக்கொண்டே இருக்கிறான். "வீட்டில இருந்தா எனக்கு யோசினை கூடும்" என்பாள். அது உண்மை. அடுப்பை நிறுத்தினேனா, கராஜ் கதவு முழுதாய் இறங்கியதா, இந்தப் பனிக்குள் 401 நெடுஞ்சாலையில் கிளிபோட் எந்த லேனில் போகிறான் என்று அவளுக்கு யோசிக்க எப்போதும் ஏதாவது இருக்கும். மன்னாரில் கன்னியர் மடத்துப் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் படித்தவள். இரண்டு மொழியிலும் ஒழுங்காகப் பயப்படத் தெரியும்.

பல்லைப் பிடுங்க வருகிறவர்கள் அவளிடம்தான் முதலில் வந்து நிற்பார்கள். "அன்ரி, நோகுமோ?" "நோகும். ஆனா நீங்க நினைக்கிற அளவுக்கு நோகாது." இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருக்கும் அமைதியைப் பார்த்துக் கதிரையில் போய் அமர்ந்தவர்கள் ஏராளம். அதே அமைதியுடன், ஆட்கள் இல்லாத நேரத்தில், மேசைக் கொம்பியூட்டரில் அவள் எதை வாசிக்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை. மாதாவின் திருத்தலப் பக்கமாக இருக்கும் என்று டொக்ரர் நினைத்திருந்தார்.

அவள் வாசித்தது பழைய இத்தாலியப் படம் ஒன்றைப் பற்றிய பார்வையாளர் கருத்துகளை. எழுபதுகளில் இத்தாலிக்காரர் இப்படிப்பட்ட படங்களை வண்டில் கணக்கில் எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். ஒரு தீவு, ஒரு வெயில், கப்பல் உடைந்து கரையொதுங்கும் ஒரு வெள்ளைக்காரி, அவள் உடுப்பைக் கழற்றுவதற்கு ஒரு காரணம். காரணம் இல்லாவிட்டாலும் கழற்றுவாள். இந்தப் படத்தின் பெயர் தமிழில் சொன்னால் 'உப்புத் தீவின் பெண்கள்'. ஒவ்வொரு நாட்டில் ஒவ்வொரு பெயரில் ஓடியது என்று அந்தப் பக்கமே சொன்னது. எதிலும் நல்ல பெயர் இல்லை.

அந்தப் பக்கத்துக்கு அவள் வந்து சேர்ந்தது ஊர்ச் சங்கத்தின் ஒன்றுகூடல் மலரால். அட்டைக்கு மன்னார்ப் பெருக்கமரத்தின் படம் ஒன்று தேடித் தரும்படி கேட்டிருந்தார்கள். பானை வயிற்றுடன், வேரைப் பிடுங்கித் தலைகீழாக நட்டதுபோல் நிற்கும் அந்த மரத்தைத் தேடிக்கொண்டு போனவள், ஓரிடத்தில் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அவளுடைய ஊர் மரம். அடிமரத்தில் இருந்த பொந்துகூட அப்படியே. மரத்தின் கீழே ஒருத்தி இடுப்பில் ஓலை கட்டிக்கொண்டு, இடுப்புக்கு மேல் ஒன்றும் கட்டாமல் நின்றாள்.

மலருக்குத் தேவாலயத்தின் படத்தை அனுப்பிவைத்தாள்.

*

றெஜினாவுக்கு அப்போது பதினெட்டு. இத்தாலிக்காரர் லொறிகளில் பெட்டிகளோடு மன்னார்த் தீவுக்கு வந்து, றெஸ்ற் ஹவுஸை முழுவதுமாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வேண்டியது ஆபிரிக்கா. பெருக்கமரமும் கட்டாக்காலிக் கழுதைகளும் இருந்தபடியால் மன்னாரே போதும் என்று முடிவுகட்டியிருந்தார்கள். தலையில் குடம் வைத்துக் கரையோரமாக வரிசையில் நடப்பதற்கு ஊர்ப் பெட்டைகள் சிலர் வேண்டும் என்றார்கள். றெஜினா போனாள், அவளுடைய தோழி றீற்றா போனாள், இன்னும் சிலர் போனார்கள். பள்ளிக்கூடத்து ஆங்கிலம் தெரிந்தபடியால் றெஜினாவுக்கு ஒருவித மேற்பார்வைப் பொறுப்பும் கிடைத்தது.

முதலில் நடந்தார்கள். பிறகு ஒரு பக்கம் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள். சிரிப்பு வரவில்லை. கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய உதவியாளன் ஒருவன், கமராவுக்குப் பக்கத்தில் நின்று கைகால்களை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற கழுதை ஒன்று அதைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. பிறகு அவனுடைய காற்சட்டையின் பின்பக்கத்தைக் கவ்வியது. அவன் ஓட, அது விடாமல் கூடவே போக, குடங்கள் சரியும் அளவுக்குப் பெட்டைகள் சிரித்தார்கள். கமரா ஓடிக்கொண்டிருந்தது. இயக்குநர் கை தட்டினார்.

அதற்குப் பிறகு முழங்கால் தண்ணீரில் இறங்கி ஏறச் சொன்னார்கள். அந்த இடத்தில் ஒரு அலை வந்து றெஜினாவைத் தலைவரை நனைத்தது. எழும்பிக் கூந்தலைப் பிழிந்துகொண்டு பார்த்தபோது கமரா அவள் பக்கம் திரும்பியிருந்தது. ஓடியதா, நின்றதா, அவளுக்குத் தெரியாது. உடுப்புக்குப் பொறுப்பான அம்மா வந்து, அவள் கட்டியிருந்த ஊதாக் கரைப் பாவாடையைத் தர முடியுமா என்று கேட்டு, பதிலுக்குப் புதுத் துணி கொடுத்தாள். பழசுக்குப் புதுசு. றெஜினா கொடுத்துவிட்டாள்.

படக்காரர் போய் ஒரு மழைக்காலம் கழிந்தபின் கொழும்பிலிருந்து ஒரு செய்தி வந்தது: அது கூடாத படம். யாரும் பார்த்திருக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஊர்ச் சுவாமியார், குடம் தூக்கிய பெட்டைகள் எல்லோரும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரவேண்டும் என்று பூசையிலேயே சொன்னார். றெஜினா போய் முழந்தாளிட்டாள்.

"சுவாமி, நான் ஒரு படத்தில நிண்டனான்."

"என்ன செய்தனீ அதில?"

"நடந்தனான் சுவாமி. சிரிச்சனான். நனைஞ்சனான்."

"ஆரைப் பாத்துச் சிரிச்சனீ?"

"கழுதையை."

கம்பித் தட்டிக்கு அப்பாலிருந்து அவர் செபமாலை ஒப்புவிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வங்காலையிலிருந்து வந்த சம்பந்தம் ஒன்று சத்தமில்லாமல் நின்றுபோனது. சில வருடங்கள் கழித்து சீமோன் மாப்பிள்ளையாக வந்தான். அவன் எதையும் கேட்கவில்லை. கனடாவுக்கு வந்து, கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் முதுகு வளையும்வரை வேலை செய்து, இரண்டு குளிர்காலத்துக்கு முன் கண்ணை மூடும்வரை கேட்கவில்லை. அவன் அறிந்துதான் கேட்காமல் இருந்தானா, அறியாமலே இருந்தானா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

எப்படிப்பட்ட பாவம் என்று தெரியாத பாவத்துக்கு மன்னிப்புக் கிடைத்தாலும் அது ஒட்டுவதில்லை. ஒவ்வொரு தவக்காலத்திலும் றெஜினா அதை மறுபடி சொன்னாள். ஸ்காபரோவில் தமிழ்ப் பூசை வைக்க வந்த சுவாமிமார் எல்லோரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். இப்போது இருப்பவர் தமிழ்நாட்டுக்காரர், இளவயது. "அம்மா, அதான் எப்பவோ மன்னிச்சாச்சேம்மா" என்று போன வருடமும் சொன்னார். "எதை மன்னிச்சனீங்கள் எண்டு தெரிஞ்சா நிம்மதியா இருக்கும் சுவாமி" என்றாள் அவள்.

*

கருத்துகளை அவள் வாசித்தது அதற்காகத்தான். படத்தைப் பார்க்கத் துணிவில்லை. பார்த்தவர்கள் சொல்வதிலிருந்து, தான் அதில் எப்படி இருக்கிறேன் என்று கண்டுபிடிக்கலாமே என்று பார்த்தாள்.

ஆனால் பார்த்தவர்கள் கண்டது வேறு. ஒஹாயோவிலிருந்து ஒருவர், 'கதை இல்லை, இசை நன்று, குளிப்பதற்கு இத்தனை தடவை எந்த மனிதனுக்கும் தேவையில்லை' என்று எழுதி, பத்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்திருந்தார். பின்லாந்துக்காரர் ஒருவருக்கு அந்த மரம் பிடித்துப்போயிற்று. நடித்தவர்களில் திறமாக நடித்தது அதுதான் என்றார். மிலானோவில் ஒருவர், பன்னிரண்டு வயதில் மாமன் தன்னைக் களவாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய படம் என்றும், அந்த மாமன் இப்போது இல்லை என்றும் எழுதி, அந்தத் துக்கத்தில் ஒன்பது கொடுத்திருந்தார். பெண் ஒருத்தி காரசாரமாக எழுதியிருந்தாள்: 'பெண்ணுடம்பை விற்றுப் பிழைத்த படம். இதைக் கலை என்று சொல்லும் ஆண்களை நினைக்கக் களைப்பாக இருக்கிறது. பின்னால் குடத்தோடு நடக்கும் பெண்களுக்கு ஒரு பெயராவது போட்டார்களா?' அந்தக் கேள்வியை றெஜினா பல தடவை வாசித்திருக்கிறாள். தேநீர் ஆறிப்போக விட்டு வாசித்திருக்கிறாள். ஆனால் குடத்தோடு நடந்த பெண்கள் உடுத்திருந்தார்களா, நனைந்திருந்தார்களா என்று அந்தப் பெண்ணும் எழுதவில்லை.

தை மாதக் கடைசியில் புதிதாக ஒரு கருத்து வந்தது. றொச்செஸ்டரிலிருந்து ஒருவர். பத்து நட்சத்திரம்.

'இந்தப் படத்தின் நிர்வாணக் காட்சிகள் எல்லாமே சலிப்பு. உண்மையான கிளர்ச்சி ஒரேயொரு இடத்தில். கடலிலிருந்து நனைந்த உடையோடு எழுந்து வருகிறாள் அந்த ஊர்ப் பெண் ஒருத்தி. நடிகையல்ல. கமரா இருப்பதே அவளுக்குத் தெரியாது. அந்த வெகுளித்தனத்தை யாராலும் நடிக்க முடியாது. அவளுக்காகவே இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணவில்லை.'

றெஜினா பக்கத்தை மூடினாள். உள்ளே பல் துளைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. முன்னால் நின்ற பெண் காப்புறுதி அட்டையை நீட்டிக்கொண்டே, "அன்ரி, உங்களுக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டாள்.

*

"எடி றெஜி, சும்மா நடுங்காதை. ஆரோ ஒரு விசரன் எழுதினதுக்கு" என்றாள் றீற்றா. அவள் இருப்பது அஜக்ஸில். இரண்டு பேரும் நாள் தவறாமல் போனில் கதைப்பவர்கள்.

"எத்தினை தரம் பாத்தனெண்டு எண்ணேல்லையாம், றீற்றா. எண்ணேல்லையாம்."

"அது நீ எண்டு ஆர் சொன்னது? நானும் எல்லோ தண்ணிக்குள்ள இறங்கினனான்."

"உனக்கு அலை அடிக்கேல்லை. எனக்குத்தான் அடிச்சது."

"எனக்கும் கொஞ்சம் அடிச்சது" என்றாள் றீற்றா, விட்டுக்கொடுக்க மனமில்லாதவள்போல. அவளுக்கு அந்தப் படம் என்றைக்குமே பாரமாக இருந்ததில்லை. பேரப்பிள்ளைகளிடம், தான் இத்தாலிப் படத்தில் நடித்தவள் என்று சொல்லி வைத்திருந்தாள். படத்தின் பெயரை மட்டும் மறந்துவிட்டதாகச் சொல்லியிருந்தாள்.

மறுநாள் றீற்றாவே எடுத்தாள். "இஞ்சை பார், பேத்தியின்ர ஐபாட்டில தேடினனான். உது டவுன்ரவுனில ஒரு சின்னத் தியேட்டரில போடுறாங்கள். பழைய பிறிண்டைத் துடைச்சு எடுத்திருக்கிறாங்களாம். சனிக்கிழமை பின்னேரம். போவம்."

"உனக்கென்ன விசரோ?"

"பாக்காமல் இன்னும் எத்தினை வரியம் பயப்பிடப் போறாய்? பாத்துப்போட்டுப் பயப்பிடு. அது கணக்கில சேரும்."

இரண்டு நாள் றெஜினா பதில் சொல்லவில்லை. றொச்செஸ்டர்க்காரர் பார்த்த பெண் அவள்தான் என்றால் என்ன செய்வது? சீமோன் ஊரில் இருந்த காலத்தில் எங்காவது அதைப் பார்த்திருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்தாள். அது நிறுத்தித்தான் இருந்தது. மூன்றாம் நாள் றீற்றாவுக்கு, "மருந்துப் பெட்டியை மறக்காமல் கொண்டு வா" என்று மட்டும் சொன்னாள். போவது என்று அதற்கு அர்த்தம்.

கிளிபோட்தான் அவளை றெயின் ஸ்ரேஷனில் இறக்கிவிட்டான். "என்ன படம் அம்மா?"

"பழைய இத்தாலிப் படம்."

"ஓ, ஆர்ட் பிலிம். குட் ஃபோர் யூ. சப்டைட்டில் இருக்குமெல்லே?"

"கதை பெரிசா இல்லையாம்" என்றாள் றெஜினா. பொய் சொல்லக்கூடாதே என்று கவனமாக.

*

தியேட்டருக்குள் தாடிவைத்த இளைஞர்களும், கறுப்பு உதட்டுச்சாயம் பூசிய பெட்டைகளும், தனித்தனியாக வந்த நடுவயது ஆண்கள் சிலரும் இருந்தார்கள். ரிக்கெற் கிழித்த பொடியன் இவர்கள் இரண்டு பேரையும், குளிர் ஜக்கெற்றுக்கு மேலே தெரிந்த றெஜினாவின் கழுத்தில் தொங்கிய மாதா உத்தரீயத்தையும் பார்த்துவிட்டு, "இது அடல்ட் படம், தெரியும்தானே?" என்று மரியாதையாகக் கேட்டான்.

"வீ ஆர் அடல்ட்ஸ்" என்றாள் றீற்றா.

பின்வரிசையில் இருந்தார்கள். பாதணியில் ஒட்டியிருந்த, பனி உருக வீதியில் போடும் உப்பு கரைந்து காலடியில் ஈரமாகியது. ஒரு ஆள் மேடைக்கு வந்து, இந்தப் படங்களைச் சிலர் குப்பை என்கிறார்கள், சிலர் பொக்கிஷம் என்கிறார்கள், இரண்டும் சரி என்று சொல்லிவிட்டு இறங்கினான். விளக்குகள் அணைந்தன. றெஜினா செபமாலையைப் பிடித்தபடி கையைப் பொக்கற்றுக்குள் வைத்தாள்.

கப்பல் உடைந்தது. வெள்ளைக்காரி கரையொதுங்கினாள். ஓலை கட்டினாள், அவிழ்த்தாள். முன்வரிசைப் பிள்ளைகள் வசனங்களுக்குச் சிரித்தார்கள். உதடு ஒரு மொழியில் அசைய, குரல் இன்னொரு மொழியில் வந்தது. றெஜினா பாதி நேரம் திரையைப் பார்க்காமல் முன்னால் இருந்தவரின் தலையைப் பார்த்தாள். பெருக்கமரம் வந்தபோது மட்டும் நிமிர்ந்தாள். பக்கத்தில் றீற்றா இனிப்பைச் சப்பிக்கொண்டு, "உது கரோலிசின்ர வளவு" என்று முணுமுணுத்தாள்.

பிறகு கடல் வந்தது.

தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பெண் முதுகு காட்டி எழுந்தாள். மாநிறம். நீண்ட கூந்தல். நனைந்த துணி உடம்போடு ஒட்டியிருந்தது. தியேட்டரில் சிரிப்பு அடங்கிவிட்டது. இதுதான் அந்த இடம் என்று றெஜினாவுக்குத் தெரிந்தது. கண்ணை மூடப் போனாள். மூடவில்லை. அந்தப் பெண் மெதுவாகத் திரும்பினாள்.

தெரியாத முகம். மூக்கு நீண்டு, கண்கள் சாம்பலாக இருந்தன. முகத்திலும் கையிலும் பூசியிருந்த நிறம் கழுத்தடியில் தண்ணீரோடு வழிந்து, கீழே வெள்ளைத் தோலைக் காட்டியது. அவளுக்குப் பின்னால் வீடு அளவான கற்பாறைகள். மன்னார்க் கரையில் கல் என்று ஒன்றைத் தேடிப் பிடிக்கவேண்டும்.

"எடி" என்றாள் றீற்றா. மெதுவாகச் சொல்வதாக நினைத்து, தியேட்டர் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்: "உது உன்ர பாவாடை எல்லோ."

அவளுடையதுதான். ஊதாக் கரை. முழங்காலுக்கு மேலே சுருட்டிச் செருகியிருந்தார்கள். சீமெந்துத் தூணில் கிழிந்த இடத்தில் அவளே வெள்ளை நூலால் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்த தையல், திரையில் ஓர் ஆள் உயரத்துக்குத் தெரிந்தது.

அடுத்த கணம் திரையில் றெஜினா வந்தாள். பதினெட்டு வயது. தலையில் குடம், ஒரு நூல்கூட நனையாமல், கழுத்துவரை உடுத்து, வாயெல்லாம் பல்லாக ஒரு பக்கம் பார்த்துச் சிரித்தாள். பிறகு மறுபடியும் சாயம் பூசியவளின் ஈர உடம்பு. பிறகு மறுபடியும் றெஜினாவின் சிரிப்பு. பார்ப்பவர்களுக்கு, குடத்துக்காரி அந்த உடம்பைப் பார்த்துத்தான் கண் கூசிச் சிரிக்கிறாள் என்றுதான் தோன்றும். இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. இத்தாலிக் கடலையும் மன்னார்க் கரையையும் கத்தரியால் வெட்டி ஒட்டியிருந்தார்கள். அலை அடித்து அவள் நனைந்தது எங்கேயும் வரவில்லை. கமரா அப்போது ஓடவில்லை போலும்.

றெஜினாவுக்கு முதலில் தோளிலிருந்து ஏதோ இறங்கியது. அதற்குப் பிறகு சிரிப்பு வந்தது. திரையில் தன் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க, சட்டத்துக்கு வெளியே நின்ற கழுதை அவள் கண்ணுக்குத் தெரிந்தது. சிவப்புத் துணிக்காரன் ஓடுவதும் தெரிந்தது. வாயைப் பொத்தினாள். தோள்கள் குலுங்கின. றீற்றா மட்டும் சிரிக்கவில்லை. திரையின் ஓரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

வெளியே வந்து ஒரு கோப்பிக்கடைக்குள் இருந்தார்கள். றீற்றாவின் முகம் இன்னும் சரியாகவில்லை.

"என்ர முழங்கை மட்டும்தான் வந்திருக்கு" என்றாள். "குடமும் முழங்கையும்."

"நல்ல முழங்கைதானே."

"பகிடி விடாதை. நான் பேரப்பிள்ளையளுக்கு என்னத்தைக் காட்டுறது?" டோநட்டை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியைத் தானே எடுத்தாள். "உனக்கு வாழ்வுதான். முழு முகம். பல்லெல்லாம் தெரியுது."

"றீற்றா, நீ அந்த நேரம் சுவாமியாரிட்ட என்ன சொன்னனீ?"

"நான் போகவேயில்லையே."

"போகேல்லையோ?"

"என்னத்துக்குப் போறது? குடம் தூக்கினது பாவமோ? அண்டைக்கு வயித்துக்குத்து எண்டு படுத்திட்டன்." றீற்றா அவளைப் பார்த்தாள். "நீ போனனியாக்கும்."

"போனனான்" என்றாள் றெஜினா. எத்தனை தடவை என்று சொல்லவில்லை. "றோமாபுரி பாக்கோணும் எண்டு சீமோனும் நானும் எத்தினை வரியம் கதைச்சனாங்கள். என்ர பாவாடை அந்தக் காலத்திலேயே போய் வந்திட்டுது" என்றாள்.

"போய் வந்ததோ? அங்கையே நிண்டிட்டுது."

"அந்த மனிசனும் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா கழுதைக் கதையைச் சொல்லியிருப்பன். நல்லாச் சிரிச்சிருப்பார்." றீற்றா மிச்சப் பாதி டோநட்டை அவள் பக்கம் தள்ளிவைத்தாள்.

*

மறுநாள் பூசை முடிந்து வந்து, சமைத்து, கிளிபோட்டுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, றெஜினா கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். கருத்து எழுதுவதற்குப் பெயர் பதியச் சொன்னது. றெஜினா என்றே பதிந்தாள். ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கி, அழித்து, தமிழில் யோசித்து, மறுபடி ஆங்கிலத்தில் எழுதினாள். அவள் எழுதியது ஏறக்குறைய இதுதான்:

'கடலிலிருந்து வருகிறவள் ஊர்ப் பெண் அல்ல. இத்தாலி நடிகை. கழுத்தைப் பார்த்தால் தெரியும், சாயம் போகிறது. கமரா இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பாவம், தண்ணீரும் குளிராக இருந்திருக்கும். அவள் கட்டியிருக்கும் பாவாடை மட்டும் எங்கள் ஊர். குடத்தோடு சிரிக்கிறவர்கள்தான் ஊர்ப் பெண்கள். அவர்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளை அவர்கள் கண்டதே இல்லை. அவர்கள் பார்ப்பது ஒரு கழுதையை. அது உங்களுக்குத் தெரியாதபடி வெட்டிவிட்டார்கள். இடப்பக்க ஓரத்தில் தெரியும் முழங்கை றீற்றாவுடையது. குடத்தோடு நடக்கும் பெண்களுக்கு ஒரு பெயராவது போட்டார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்காக எழுதுகிறேன்.'

நட்சத்திரம் கொடுக்காமல் அனுப்ப முடியாது என்று பக்கம் சொன்னது. யோசித்தாள். ஒன்று கொடுத்தால் மரத்துக்கு அநியாயம். பத்துக் கொடுத்தால் றொச்செஸ்டர்க்காரரோடு சேர்த்துக் கணக்குப் பார்ப்பார்கள். நான்கு கொடுத்தாள்: மரத்துக்கு இரண்டு, இசைக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று.

ஒரு கிழமைக்குப் பிறகு கீழே இரண்டு பதில்கள் வந்திருந்தன. காரசாரமாக எழுதிய பெண், 'நன்றி, றெஜினா. றீற்றாவுக்கும்' என்று எழுதியிருந்தாள். றொச்செஸ்டர்க்காரர், 'நீங்கள் சொல்வது சரியென்றால் எனக்குப் படம் கெட்டுப்போயிற்று' என்றார். பிறகு, வேறொரு நாளில், தன் பத்தை ஆறாகக் குறைத்திருந்தார். மிச்ச ஆறு எதற்கு என்று றெஜினாவுக்கு விளங்கவில்லை. கழுதைக்காக இருக்கலாம்.

*

தவக்காலம் வந்தது. பாவசங்கீர்த்தன வரிசையில் றெஜினா ஜக்கெற்றைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு நின்றாள். முறை வந்ததும் போய் முழந்தாளிட்டு, மகனோடு கோபப்பட்டதையும், கடையில் ஒருத்தியைப் பற்றிப் புறம் பேசியதையும் சொன்னாள். வழக்கமாக அடுத்து வருவது எது என்று இளம் சுவாமிக்குத் தெரியும். மூச்சை ஆயத்தமாக இழுத்துக்கொண்டார்.

"சுவாமி, போன மாசம் ஒரு கூடாத படம் பாத்தனான்."

அவர் இழுத்த மூச்சு அப்படியே நின்றது. "போன்ல தற்செயலா வந்துச்சாம்மா?"

"இல்லை சுவாமி. டவுன்ரவுனுக்கு றெயின் எடுத்துப் போய்ப் பாத்தனான்."

"எதுக்கும்மா?"

"அதில நான் நிண்டனான்."

"வருஷா வருஷம் சொல்வீங்களே, அந்தப் படமா?" குரலில் ஓர் ஆவல் வந்து, அவர் அதை அடக்கித் தொண்டையைச் செருமினார். "எப்படி... அதாவது, நீங்க பயந்த மாதிரி ஏதாவது?"

"ஒண்டுமில்லை. கழுதையைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன்."

தட்டிக்கு அப்பால் கதிரை மெல்லக் கிரீச்சிட்டது.

"சரிம்மா. அந்தப் படத்தைப் பார்த்ததுக்காக மனஸ்தாபப்படுறீங்களா?"

றெஜினா நேர்மையாக யோசித்தாள். அந்த இடத்தில் பொய் சொல்ல அவளுக்கு வராது.

"இல்லை சுவாமி."

"மனஸ்தாபம் இல்லாம நான் எப்படிம்மா மன்னிக்கிறது?"

"நீங்கள் மன்னிக்க வேண்டாம். செய்யாததுக்கு இத்தினை வரியமா வாங்கி வைச்ச மன்னிப்புக் கன கிடக்குது. அதில ஒண்டை இதுக்கு வைச்சுக்கொள்ளுவம்."

இந்த முறை அவர் சிரித்தது வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். மற்றப் பாவங்களுக்காக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லிச் சிலுவை அடையாளம் வரைந்தார்.

றெஜினா வெளியே வந்து மாதாவின் சுரூபத்துக்கு முன் இருந்த பெஞ்சில் முழந்தாளிட்டாள். வண்டி நிறுத்துமிடத்தில் உப்புப் போடும் வாகனம் போகும் சத்தம் கேட்டது. கண்ணை மூடி முதலாவதை ஒழுங்காகச் சொல்லி முடித்தாள். இரண்டாவதின் நடுவில் கழுதை வந்தது.